திருப்புளிக்கு ஒரு ரூபாய்

அம்மிணி, அந்தப் பெட்டிய மட்டும் கால்ல தள்ளீராதீங்க. மேல வெக்கலாம்னு பாத்தேன், கண்டக்டர் வேண்டாங்கறாரு. பிரேக் போட்டா ஆரு தலைலயாச்சும் உளுந்துருமாமா. அதுவும் நாயந்தானுங்க. தலைல உளுகற சமாச்சாரத்தப் பத்தி எங்கிட்டச் சொல்ல வேண்டியதில்ல. இன்னைக்கு நான் போறதே அதுக்குத்தான்.

நீங்க பெருந்துறைல எறங்கிக்குவீங்களா? செரி செரி. நானு ஈரோடு. இந்த பஸ்ஸு எப்பப் போயிச் சேருமோ தெரியல. அவிநாசில டீக்கடை முன்னாடி நிறுத்திப்போட்டு அத்தன நேரம் நின்னான் பாத்தீங்களா? டிரைவரு கதை பேசறாரு, கண்டக்டரு பல்லுக் குத்தறாரு. இவிங்களுக்கு ஒரு அவசரமும் இல்லைங்க. எனக்கு மட்டுந்தான் அவசரம்.

என்னன்னா கேக்கறீங்க? சொல்றேன் இருங்க. ஈரோட்டுல என்ற தம்பி தினகரன் இருக்கறான். அவன் சம்சாரம் பிருந்தா. ஒரே பொண்ணு, தன்வி, ஒண்ணாப்பு படிக்கறா. இப்பக் காலாண்டு லீவு, ஊட்டுலதான் இருக்கறா. நேத்து பொழுதோட தம்பி போன்ல ஸ்டேட்டஸ் வெச்சிருந்தான். பாப்பாவுக்குப் புதுக் கட்டில் செஞ்சு போட்டிருக்கறாங்க, ரோஸ் கலர்ல. புள்ள அதுல மல்லாந்து படுத்துட்டு ரெண்டு வெரலக் காட்டிச் சிரிக்குது. எல்லாஞ் செரிதான். கட்டிலுக்கு நேர் மேல பாத்தேன். செவுத்துப் பலகை மேல மீன் தொட்டி. கண்ணாடித் தொட்டி, ரொம்பத் தண்ணி, உள்ள நாலஞ்சு மீனு. அந்தப் பலகைய மாட்டுனது ஆருன்னு நெனைக்கறீங்க? நாந்தானுங்க.

பலகைக்கு மூணு ஓட்டை. செவுத்து ஓட்டைக்குள்ள மொதல்ல ஒரு பிளாஸ்டிக் கிட்டி சொருகுவாங்க, அதுலதான் ஸ்குரூ கடிச்சு நிக்கும். ரெண்டு ஓட்டைல நல்லா உக்காந்துருச்சு. மூணாவது ஓட்டை பெருசாப் போயி கிட்டி ஆடுது. நான் என்ன பண்ணுனேன், தீக்குச்சிய ஒடச்சு ஒடச்சு அதுல சொருகி ஸ்குரூவ முறுக்கி உட்டுட்டேன். பொம்ம வெக்கற பலகைதான? பொம்மையத் தாங்கும். அடுத்த வாரம் பெரிய கிட்டியா வாங்கியாந்து செரி பண்ணித் தர்றேன்னு பிருந்தாகிட்டச் சொல்லிப்போட்டு வந்தேன். பரவால்லைங்க நங்கை, மெதுவாப் பாத்துக்கலாம்னா. புருசனோட அக்காள எங்க பக்கம் நங்கைனுதான் கூப்புடறது. மெதுவான்னா எத்தன மெதுவா? ஆடி போச்சு, ஆவணி போச்சு, புரட்டாசியும் பாதி போச்சு. கூப்புடவே இல்ல. கூப்புடாத ஊட்டுக்கு நானா எப்பிடிப் போயி நிக்கறது, நீங்களே சொல்லுங்க. இப்ப அந்தத் தீக்குச்சிதான் மீன் தொட்டியத் தாங்கீட்டு இருக்குது. அதுக்குக் கீழ எங்க புள்ள படுத்திருக்குது.

அன்னைக்கே ஏன் முடிக்கலைனு உங்க மூஞ்சி கேக்குது. அங்கதானுங்க வெசயமே இருக்குது.

நான் கோயமுத்தூரு கணபதில ஒரு பட்டறைல மோட்டாருக்குக் காயில் சுத்தறவ. முப்பது வருசமாச் சுத்தறேன். எங்கப்பனுக்கும் அதே வேலதான், சின்னதுலயே கூட இருந்து கத்துக்கிட்டேன். அப்பன் போனாரு, அம்மாவும் போச்சு, தம்பி அப்ப அரை டவுசர் போட்டுட்டு நிக்கறான். படிக்க வெச்சு, ஆளாக்கி, கல்யாணமும் பண்ணி வெச்சேன். அவனுக்காகத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கலைனு ஒரு நாள் ஒரு பொழுது வாயத் தொறந்து சொன்னதில்லைங்க. அவன் கல்யாணத்தன்னைக்கு ஒருக்காச் சொன்னேன். பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரில ஒருக்கா. அவ்வளவுதான்.

அவங்க ஈரோட்டுக்குக் குடி போனதுக்கப்பறம் நான் அங்க போறதுன்னா ஏதாச்சும் ரிப்பேர்னாத்தான். கொழாய் ஒழுகுது, கதவு தட்டுது, சுச்சு சூடாகுதுனு போன் வரும். அடுத்த பஸ்ஸு ஏறிருவேன். போயி பைய எறக்கறதுக்கு முன்னாடியே சிங்குக்கு அடியில படுத்துருவேன். பிருந்தா காப்பியக் கொண்டாந்து வெச்சுட்டு, மொதல்ல உக்காருங்க நங்கை, ஆறிப்போவுதுங்கும். வேல முடியட்டும் அம்மிணிம்பேன். பாப்பா பக்கத்துல வந்து குத்தவெச்சு உக்காந்துட்டு, அத்தை வேல முடிஞ்சுதா, வெளையாடலாமாங்கும். இதோ கண்ணு, இதோ கண்ணும்பேன். எனக்கு வெளையாடத் தெரியாதுங்க. வேலைன்னாத் தெரியும். ஒருக்கா அந்தப் புள்ள கூடப் படிக்கற புள்ளைகிட்டச் சொல்லுச்சாமா, எங்கத்தை பைப்பு ரிப்பேர் பண்ற அத்தைனு. பிருந்தா அதச் சொல்லிட்டு என்ற மூஞ்சியவே பாத்தா. எனக்கு எத்தன பெருமை தெரியுங்களா? பட்டறைல எல்லார்த்துகிட்டயும் சொன்னேன்.

இப்பக் கேளுங்க. வேலைய முழுசா முடிச்சுக் குடுத்துட்டா, அப்பறம் எதுக்குக் கூப்புடப் போறாங்க? அதனால ஒரு சின்ன வாலு உட்டு வெப்பேன். கொழாய்க்குப் புது வாசர் போடாம பழசயே திருப்பிப் போடறது. கதவுக் கீலுக்கு மூணு ஸ்குரூன்னா ரெண்டு போடறது. தப்பா நெனைக்காதீங்க. நான் எதையும் கெடுத்து வெக்கறதில்ல. முடிக்காம உடறேன், அவ்வளவுதான். டெய்லரு அடுத்த வாரம் வாங்க, காஜா எடுக்கோணும்னு சொல்றதில்லையா? அப்பிடித்தான்.

நேத்தே போன்ல சொல்லியிருக்கலாமேங்கறீங்க. சொன்னேனுங்க. போட்டோவப் பாத்த கையோட தம்பியக் கூப்புட்டேன். டேய், கட்டிலத் தள்ளிப் போடுறான்னேன். ஏங்க்காங்கறான். சும்மா சொல்றேன், தள்ளிப் போடுன்னேன். அதுக்கு அவன் சிரிக்கறானுங்க. "அக்கா, கேஸ் டியூப்பு வெடிச்சுரும்ன, பேன் கொக்கி தேஞ்சு போச்சுன்ன, ஹீட்டர்ல சாக் அடிக்கும்ன. ஆளக் கூட்டியாந்து பாத்தா ஒண்ணுமில்ல. உனக்கு எங்களப் பாக்கோணும்னா பஸ் ஏறி வா, ஏன் பயமுறுத்தற?" அப்பிடின்னுட்டு வெச்சுப்போட்டான். அதெல்லாம் பொய்யில்லைங்க. ஆகலாமில்ல? ஆனா ஒண்ணும் ஆகலைனு இப்ப என்ற பேச்சுக்கு மதிப்பில்லாமப் போச்சு.

தீக்குச்சியப் பத்திச் சொன்னனான்னா? அதெப்பிடிங்க சொல்றது? முப்பது வருசத்துல என்ற வேலைய ஆரும் ஒரு சொல்லு சொன்னதில்ல. பட்டறைல திரும்பி வந்த மோட்டார்ல ஒண்ணு கூட நான் சுத்துனதில்ல. அதச் சொல்லாமயே இறுக்கிப்புடலாம்னுதான் காத்தால எந்திரிச்சுக் கெளம்பிட்டேன். பிருந்தாவக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கறேன், எடுக்க மாட்டீங்கறா. ஊட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதான் அவளுக்கு வேல. இந்நேரம் பாப்பா அந்தக் கட்டில்லதான் குதிச்சிட்டிருக்கும். குதிச்சா செவுரு அதுருமில்ல? செவுரு அதுர்ந்தா? சாமி, எனக்கு அதுக்கு மேல நெனைக்க முடியலைங்க.

இந்தப் பெட்டியா? இதுதான் சீரு. ஞாயித்துக்கெழம அவங்க கல்யாண நாளு. பத்துப் பதினஞ்சு நாளைக்கு முன்னால பிருந்தா போன் பண்ணுனா. எனக்கு ஒரே சந்தோசம், கொழாய் ஒழுகுதாட்ட இருக்குதுனு நெனச்சுட்டேன். அவ சொல்றா, "நங்கை, சேலை கீலைன்னு எடுத்துராதீங்க. உங்ககிட்ட இருக்கறாப்பல ஒரு சின்ன டூல்ஸ் பெட்டி போட்டுக் குடுங்க, எதெது வேணும்னு எங்களுக்குத் தெரியாது. இருந்தா, சின்னச் சின்ன வேலைய நாங்களே பாத்துக்குவோம். நீங்க வர்றப்பயெல்லாம் சிங்குக்கடியில கெடக்க வேண்டாம்." எனக்கு மனசு பொக்குனு போச்சுங்க. இனி உன்ற வேல எங்களுக்கு ஆகாதுங்கறத எத்தன பதமாச் சொல்றா பாருங்க. அந்தப் பெட்டியவும் என்ற கையிலயே போட வெக்கறா.

தொறந்தே காட்டறேன் பாருங்க. கடைல சைனா செட்டு ஒண்ணக் காட்டுனாங்க, அது அது கெடக்கற குழியில கெடக்குது, பாக்க நகைப்பொட்டியாட்ட. ரெண்டு திருப்புத் திருப்புனா முனை மழுங்கிப்போகும். வேண்டாம்னு ஒண்ணொண்ணாப் பொறுக்கியெடுத்தேன். இந்தச் சுத்தி கனமில்லாதது, பிருந்தாவுக்குச் சின்னக் கை. கடைக்காரன் மொறைச்சுப் பாக்கறான், நான் பாட்டுக்கு அவ கையா இருந்தா எப்பிடி இருக்கும்னு நெனச்சு நெனச்சு ஒவ்வொரு சுத்தியா ஆட்டிப் பாத்தேன். கட்டிங் பிளேயரு, கைப்புடி ரப்பர் கெட்டியா, கரண்டு பாயாம. டெஸ்டரு. திருகி வாய அகலமாக்கிக்கற ஸ்பேனரு, எந்தக் கொழாய்க்கும் ஆகும். அளக்கற டேப்பு. கொழாய் மரைல சுத்தற வெள்ள டேப்பு, ஒயர்ல சுத்தற கருப்பு டேப்பு. மாத்திர டப்பாவெல்லாம் கழுவிக் காயவெச்சு, ஒண்ணுல ஆணி, ஒண்ணுல ஸ்குரூ, ஒண்ணுல வாசரு. இந்த டப்பால கிட்டி, நல்ல பெருசு.

ஸ்குரூ முறுக்கற திருப்புளி மட்டும் வாங்குனதில்ல. இது என்றது. எங்கப்பன் பட்டறைல கெடந்தது. கைப்புடியப் பாருங்க, பல்லுத் தடம் தெரியுதுங்களா? தம்பி பல்லு மொளைக்கறப்பக் கடிச்சது. புதுசு நாலஞ்சு திருப்பிப் பாத்தேன், ஒண்ணும் இதாட்டக் கடிச்சுப் புடிக்கல. அதனால இதையே வெச்சுட்டேன். இந்தப் பெட்டி இருந்தா பிருந்தா ஒரு நாளும் இன்னொருத்தர் கைய எதிர்பாக்க வேண்டாம். அதுதானுங்க என்ற வேதனை. ரொம்ப நல்லாப் போட்டுட்டேன். இது ஒண்ணுலதான் வாலு உடாம முடிச்சிருக்கறேன்.

எங்க லைன்ல பக்கத்து ஊட்டு அக்கா பெட்டியப் பாத்துட்டு, என்னடி பூவாத்தா, இரும்பு சாமானயா சீராக் குடுப்ப, ஒறவு அத்துப்போகும்னுச்சு. இரும்பச் சும்மா குடுக்கக் கூடாதாமா. வாங்கறவங்க கையில இருந்து ஒரு ரூவாயாச்சும் வாங்கிக்கோணுமாமா, அப்ப வித்ததாட்ட ஆயிருமாம். பிருந்தாகிட்டப் போயி ஒரு ரூவா குடுன்னு எப்பிடிங்க கேக்கறது? நங்கை கணக்குப் பாக்கறாங்கனு நெனச்சுக்க மாட்டாளா? அதுக்கும் ஒரு ரோசனை வெச்சிருந்தேன். ஞாயித்துக்கெழம பாப்பா கையில ஒரு ரூவாயக் குடுத்து, அத எங்கிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்லலாம்னு.

அதெல்லாம் ஞாயித்துக்கெழமைக்குப் போட்ட திட்டம். இப்ப இந்தப் பெட்டிதான் எனக்குச் சாக்கு. கையில சீரு இருந்தா ஏன் வந்தேன்னு ஆரும் கேக்க மாட்டாங்க. எப்பிடி இருக்குதுனு காட்டறேன் அம்மிணின்னு திருப்புளிய எடுத்துட்டு நேரா அந்தச் செவுத்துகிட்டப் போயிருவேன். அதுக்குள்ள பஸ்ஸு போகோணுமே. இதென்ன, மறுக்காவும் நிறுத்தறான்? செங்கப்பள்ளியா? இன்னும் செங்கப்பள்ளிதானா?

அம்மிணி, உங்க காலத் தொட்டுக் கும்புடறேன், உங்க போன ஒரு நிமிசம் குடுக்கறீங்களா? என்ற நம்பருன்னா அப்பறம் பேசிக்கலாம்னு உட்டுருவா. புது நம்பருன்னா கூரியர்காரன்னு எடுத்துருவா. நம்பர் நான் சொல்றேன், நீங்க அமுத்துங்க. அடிக்குதுங்களா? இங்க குடுங்க, இங்க குடுங்க.

அலோ. அம்மிணி, நாந்தான். ஆமா, பஸ்ல ஒருத்தர் போனு. வெச்சறாத கண்ணு. பாப்பா எங்க? கட்டில்லயா? எந்திரிக்கச் சொல்லு. மொதல்ல எந்திரிக்கச் சொல்லு, அப்பறம் பேசு. நாம் பயமுறுத்தல கண்ணு, சத்தியமா பயமுறுத்தல. அந்தப் பலகைல ஒரு ஸ்குரூ நிக்காது. நாந்தான் அப்பிடி உட்டேன். ஓட்டைக்குள்ள தீக்குச்சிய வெச்சு உட்டுட்டு வந்தேன். அடுத்த வாரம் வந்து செரி பண்ணலாம்னு... நீங்க கூப்புடல...

என்னது?

எப்ப?

ஓ. கட்டில் போட வந்த ஆசாரியா.

புதுசா ஓட்டை போட்டா? இரும்புக் கிட்டியா? நாலா?

சிரிச்சாரா. ம்.

இல்ல இல்ல, எனக்கென்ன வருத்தம். புள்ள நல்லாருந்தாப் போதும். ஆமா, பஸ்லதான் வந்துட்டிருக்கறேன். வேல ஒண்ணும் இல்லையா? ஒண்ணுங் கூடவா? செரி. சும்மாவா? செரி கண்ணு, செரி. வெச்சர்றேன்.

இந்தாங்க உங்க போனு. நீங்க நல்லாருப்பீங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்லைங்க. கட்டில் போட வந்தப்பவே ஆசாரி அந்தப் பலகைய ஆட்டிப் பாத்துட்டு, கழட்டி, வேற ஓட்டை போட்டு இறுக்கி மாட்டிப்போட்டாராமா. அதுக்கப்பறந்தான் மீன் தொட்டிய வெச்சாங்களாமா. தீக்குச்சியப் பாத்துட்டு ஆசாரி சிரிச்சாராமா. நான் வருத்தப்படுவேன்னு எங்கிட்டச் சொல்லாம உட்டுட்டாங்களாமா. பாப்பா இப்பக் கட்டில்ல படுத்துட்டு மீனத்தான் பாத்துட்டிருக்குதாம்.

சந்தோசமா இருக்கோணும். இருக்குதுங்க, இல்லாம என்ன? ராத்திரி பூராப் பொட்டுத் தூக்கமில்ல, இப்பத்தான் மூச்சே வருது. ஆனா பாருங்க, இத்தன நேரம் எப்படா ஈரோடு வரும்னு துடிச்சேன். இப்ப இந்த பஸ்ஸு எதுக்கு இத்தன வேகமாப் போவுதுன்னு இருக்குது. போயி நான் என்ன பண்ண?

கடைசியா என்ன சொன்னா தெரியுங்களா? வேலைன்னு ஒண்ணும் இல்லைங்க நங்கை, நீங்க சும்மா வாங்க, பாப்பா உங்களத்தான் கேட்டுட்டே இருக்குது, ரெண்டு பேரும் உக்காந்து மீனுக்குப் பேரு வைங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும் இருங்கங்கறா. சும்மா எப்பிடிங்க போறது? சும்மா போறவ ஒறம்பறைங்க, விருந்தாளி. ஒறம்பறைக்குக் காப்பி குடுப்பாங்க, சோறு போடுவாங்க, பஸ் ஏத்தி உட்டுருவாங்க. வேல இருக்கறவளத்தான் எப்ப வருவீங்கன்னு கேப்பாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் கைய மடியில வெச்சுட்டு நான் என்னத்தப் பேசறது? மீனுக்கு என்ன பேரு வெக்கறது? எனக்கு ஒரு பேரும் தெரியாதுங்க.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? அவ நல்லவளாட்டத் தெரியறாளா? நல்லவதானுங்க. ஆரு இல்லைன்னா? நல்லவளுகதான் இன்னும் பதமா வழியனுப்பித் தாட்டி உடுவாளுக. தம்பி கூட நேத்து பஸ் ஏறி வான்னுதான் சொன்னான். வாயில எல்லாரும் வான்னுதான் சொல்வாங்க. அந்தப் பெட்டியக் குடுத்ததுக்கப்பறம் என்னை எதுக்குங்க தேடுவாங்க? நான் அதுல ஒரு கொறையும் வெக்கலையே.

டோல்கேட்டத் தாண்டியாச்சுங்களா? அப்ப உங்க ஊரு வந்துரும். அம்மிணி, எனக்கு இன்னொரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தத் திருப்புளிய நீங்க வெச்சுக்கங்க. அட, புடிங்க. மத்ததெல்லாம் பெட்டில இருக்கட்டும். இது ஒண்ணு இல்லைன்னா ஒரு வேலையும் தொடங்க முடியாது. பிருந்தா பெட்டியத் தொறந்துட்டு, திருப்புளி எங்கீங்க நங்கைனு கேப்பாளில்ல? அடடா, மறந்துபோட்டனே, அடுத்த வாரம் கொண்டாறேன் அம்மிணிம்பேன். அடுத்த வாரம் எப்ப வருவீங்கன்னு போன் பண்ணுவா. என்ற பைக்குள்ள ஒளிச்சு வெக்கலாந்தான். ஆனா அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துட்டா நானே எடுத்து நீட்டிப்புடுவேன். எனக்கு என்னையத் தெரியாதுங்களா?

உங்க ஊட்டுல கொழாய் கிழாய் ஒழுகுதுங்களா? ஜன்னல் கொண்டி? கதவுத் தாப்பா? நல்லா ரோசிச்சுப் பாருங்க, ஒண்ணில்லாட்டி ஒண்ணு ஆடும். என்ற நம்பரப் போட்டுக்கங்க, பூவாத்தானு போடுங்க. கோயமுத்தூர்ல இருந்து இது ஒரு தூரமா? திருப்புளி உங்ககிட்டயே இருக்குது, நான் வெறுங்கையோட வந்தாப் போதும்.

எறங்கறீங்களா? ஒரு நிமிசம், ஒரு நிமிசம். கண்டக்டர், இருங்க, இந்த அம்மிணி எறங்கோணும். அதச் சும்மா வாங்கிட்டுப் போயிராதீங்க, கண்ணு. இரும்பு. ஒரு ரூவா இருந்தா எங்கையில குடுத்துட்டுப் போங்க.